ஏழாவது கேள்வி

தொண்ணூற்றைந்தில் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், ரொறன்ரோப் பக்கம் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தொலைபேசி எடுத்து, யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கல்யாணமாகிக் கனடா வருவதற்கு முன் நான்கு வருடம் பாரிஸில் இருந்தவள் நான். அங்கே பிடித்த பிரெஞ்சு இங்கே கைகொடுத்தது.

இலங்கையிலிருந்து என்னோடு பாரிஸுக்கு வந்த தம்பி அங்கேயே நின்றுவிட்டான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு, பொலிஸின் கண்ணில் படாமல் திரிந்தான்.

எங்கள் படிவத்தில் ஏழாவது கேள்வி இது: பிரான்ஸில் வெளிநாட்டவர்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? குரலில் எதையும் காட்டாமல் வாசிக்க வேண்டும். சொந்தக் கதை கதைக்கக் கூடாது. மேற்பார்வையாளர் இடையிடையே லைனில் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒஷாவாவில் தனியே இருந்த ஒரு வயதான பெண்மணி என்னை அரை மணித்தியாலம் விடவில்லை. முழங்கால் வலியைச் சொன்னார். இங்கே பேக்கரிகளில் விற்பதெல்லாம் ஒரு பாணா என்று கேட்டார். யாருக்கு வாக்களிப்பது என்று மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லையாம். ஆனால் ஏழாவது கேள்விக்கு அவர் யோசிக்கவேயில்லை. "மிஞ்சித்தான் போய்விட்டது. வதிவிடப் பேப்பர் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்." பிறகு, "உங்களுக்கு நல்ல குரல். அடுத்த முறையும் நீங்களே எடுங்கள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தம்பியிடம் சொன்னேன். சிரித்தான்.

"எங்கட செஃப்பும் இதைத்தான் சொல்லுறான், அக்கா. சொல்லிப்போட்டு எனக்குச் சாப்பாடும் கட்டித் தாறான்."

"கவனமாத் திரியடா."

"ஓம், ஓம். நீங்கள் யோசிக்காதேங்கோ."

முதற்சுற்று வாக்களிப்பு முடிந்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் மெட்ரோ வாசலில் தம்பியைப் பிடித்தார்கள். சில நாள் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு காலை அவனுடைய அறை நண்பன் தொலைபேசியில் அழுதான். "அக்கா, அவனைக் கொழும்புக்கு ஏத்திப்போட்டாங்கள்."

"இண்டைக்கு வேலைக்குப் போகாதையும்," என்றார் கணவர்.

"வீட்டிலை இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பின்னேரம் என் பட்டியலில் ஒஷாவா இலக்கம் வந்தது. அவர் என்னை உடனே கண்டுபிடித்துவிட்டார். "குரலுக்கு என்ன? சளி, தடிமனா?"

ஆறு கேள்விகளையும் கேட்டு முடித்தேன். ஏழாவதை வாசிக்க வாய் வரவில்லை.

"என் தம்பியை இன்று பாரிஸிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்," என்றேன். "அவனிடம் பேப்பர் இல்லை."



"நான் உங்கள் தம்பியைச் சொல்லவில்லையே," என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஏழாவது கேள்விக்கு என்ன எழுத?"

மூக்கை உறிஞ்சினார். "போன முறை சொன்னதையே எழுதுங்கள். என்னை மன்னியுங்கள்."

எழுதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

மேற்பார்வையாளர் லைனில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நாளைக்கு வர வேண்டாம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, என் கோட்டை எடுத்துத் தந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கொழும்பு விமான நிலையத்தில் தம்பியை இரண்டு நாள் விசாரித்துவிட்டு விட்டார்கள். கொழும்பிலேயே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜிலிருந்து இரண்டு முறை தொலைபேசி எடுத்தான். வெக்கை தாங்க முடியவில்லை என்றான். உன்னைக் கனடாவுக்கு எடுப்பிக்கப் பார்க்கிறோம் என்று சொன்னேன். மூன்றாம் முறை நான் எடுத்தபோது லொட்ஜ்காரர்தான் பேசினார்.

"ஆமி சுற்றிவளைப்பிலை பிடிச்சுக் கொண்டு போனவை, தங்கச்சி. இன்னும் வரேல்லை."

கொழும்பிலிருந்த கணவரின் சித்தப்பா ஒருவர் இராணுவ முகாம் முகாமாய்ப் போய்க் கேட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியில் லொட்ஜுக்குப் போய்த் தம்பியின் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்.