12288-ஆம் அறையில் ஒரு படகு

நந்தகுமாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பட்டினப்பாக்கத்தில் மீனவர் வீட்டில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவனை ஊர் சும்மா விடுமா? வாய்க்கு வந்ததெல்லாம் பேசியது. அப்பா கபாலி, கூட வர ஆளில்லாமல் படகை விற்றார். அதோடு மகனிடம் பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகிறது.

நந்தகுமார் பழைய கணினிகளைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். நாற்பது வருடத்துக்கு முன் வீட்டு டிவியோடு இணைத்து ஓட்டினார்களே, அவை. அடையாறில் அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்திருந்த நிஷா, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். டிகிரி கேட்கவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை பதினோரு மணிக்கு இந்த மெஷின்ல உங்க கையால எழுதினது ஏதாவது ஓடணும்" என்றார். பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவனுக்கு இப்படி ஒரு வேலை இன்னொரு முறை வராது.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு படகை வரைந்தான். அந்தக் கணினியில் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுக் கட்டம். எது எரியணும், எது அணையணும் என்று எட்டு எண்களில் சொல்லி, நினைவகத்தின் 12288-ஆம் அறையிலிருந்து வரிசையாக வைத்தால், A இருந்த இடத்தில் படகின் முனை வரும், B இருந்த இடத்தில் அலை வரும். அலையின் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தால் அது அசையும்.

சனிக்கிழமை பத்தரைக்கு, நிஷா வீட்டு மாடியில் எல்லாம் சரியாக ஓடியது. அப்போது அம்மா குப்பம்மா மீன் கடையிலிருந்து போன் செய்தாள்.

"இன்னாடா, படகு ரெடியா? உன் நைனா பேரு எழுதிக்கினியா?"

"அது கம்ப்யூட்டர் படகும்மா."

"எந்தப் படகா இருந்தா இன்னா? பேரு இல்லாத படகை எவனாச்சும் எறக்குவானா?"

அவனுக்கும் அது உறைத்தது. கபாலி என்ற எழுத்துகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்தான். ஓட்டினான். படகின் முனை பொடிப்பொடியாகச் சிதறித் துடித்தது. மணி பத்து ஐம்பது.

காரணம் உடனே புரிந்தது. புதிய வரிகளால் நிரல் நீண்டு, படங்கள் இருந்த அறைகளுக்குள் புகுந்துவிட்டது. அப்பாவின் பெயரை அழித்தால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். விரல் அழிக்கும் பொத்தான் வரை போனது. விற்ற படகின் பக்கவாட்டில் வாங்கியவன் அந்தப் பெயர் மேல் பெயின்ட் அடித்ததை அவன் பார்த்திருக்கிறான். நானும் அழிப்பதா?

படங்களை 14336-ஆம் அறைக்குத் தூக்கினான். படங்களை வைக்கும் வரியில் எண்ணை மாற்றினான். திரைக்கான சிப் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் வரியிலும் மாற்றினான். மாடிப்படியில் நிஷாவின் செருப்புச் சத்தம். ஓட்டப் போன கை நின்றது. எதையோ விட்டுவிட்டோமே! அலை! அலையை அசைக்கும் வரி இன்னும் பழைய அறையிலேயே, இப்போது நிரல் இருக்கும் இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும், மொத்தமும் உறைந்துபோகும். அந்த எண்ணையும் மாற்றியபோது கதவு திறந்தது.

ஓட்டினான். படகு வந்தது. அலை அசைந்தது. பெயர் பளிச்சென்று நின்றது.

"கபாலி யாரு?" என்றார் நிஷா.

"எங்கப்பாங்க."

"உங்க பேரு எங்க?"

"எடம் இல்லீங்க."

நிஷா சிரித்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

நந்தகுமார் வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் அம்மாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அம்மா இல்லை.

"டேய். அலைக்கு முதுகு காட்டிக்கினு நிக்குதுடா படகு. கவுந்துடும். திருப்பு."

மூன்று வருடம் கழித்துக் கேட்ட குரல்.

"திருப்புறேன் நைனா" என்று சொல்லிவிட்டு, மறுபடி கீபோர்டு முன்னால் உட்கார்ந்தான்.