தம்பி பாயை நனைத்த தவக்காலம்

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஏழு. மூன்று வயதிலேயே பாயை நனைப்பதை விட்டுவிட்டவன், அந்த வருடம் தவக்காலம் தொடங்கிய சமயத்தில் மறுபடியும் நனைக்க ஆரம்பித்தான். அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை ஏமாற்றி, எங்கள் கிணறு வற்றிப்போய், அம்மா அரை மைல் நடந்து தண்ணீர் சுமந்த கோடை அது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என்றைக்கோ ஒரு நாள் என்றால் அம்மா பொறுத்திருப்பாள். தினமும் விடிந்தால் ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு கால்சட்டை. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மூத்திரத் துணி அலச எங்கே போவாள்? தம்பியை அடித்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். பிறகு அவனையே பாயைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிமேல் காயப்போடச் சொன்னாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பார்த்தால் வெட்கம் வரும், வெட்கம் வந்தால் நின்றுவிடும் என்று நினைத்தாள். பிள்ளைகள் பார்த்தார்கள். வெட்கமும் வந்தது. அது மட்டும் நிற்கவில்லை.

மாரண்டஹள்ளியிலிருந்து அத்தை வந்திருந்தாள், அப்பாவின் அக்கா. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சில்லை. இரண்டு வைத்தியம் சொன்னாள். எள்ளையும் வெல்லத்தையும் இடித்து உருண்டை பிடித்துத் தினமும் கொடுக்க வேண்டும்.

“இன்னொண்ணு, பொழுது சாஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காத. உள்ள போனாத்தான வெளிய வரும்?”

அதில் குற்றம் கண்டுபிடிக்க எங்கள் யாராலும் முடியவில்லை.

காலையில் இரண்டு உருண்டை, மத்தியானம் இரண்டு. எனக்கு ஒன்றுகூடக் கிடையாது. பாயை நனைக்கிறவனுக்கு எள்ளுருண்டை, நனைக்காத எனக்கு வெறும் களியா என்று நான் பொருமினேன். ஆனால் உருண்டை தின்னத் தின்ன அவன் இளைத்துக்கொண்டே போனான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு திரிந்தான். எவ்வளவு களி போட்டாலும் இன்னும் கேட்டான். தின்பதெல்லாம் எங்கேடா போகிறது என்று அப்பா அவன் வயிற்றைத் தட்டிச் சிரிப்பார்.

ஒருநாள் காலையில் ஈரப்பாயில் எறும்பு மொய்த்திருந்தது. உருண்டையைத் திருடிப் பாயில் வைத்துத் தின்றிருக்கிறான் என்று அம்மா முடிவு செய்தாள். அதற்கும் அடி விழுந்தது. திருடவில்லை என்று மாதாமேல் ஆணையிட்டு அழுதான். யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

சாயங்காலம் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வீட்டுத் தண்ணீருக்கு நான்தான் காவல். பெரியவர்கள் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. பானைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். தம்பி எதிரில் உட்கார்ந்து பானையையே பார்ப்பான். கொஞ்ச நேரம் கழித்து, வாய் மட்டும் கொப்பளித்துக்கொள்கிறேன் என்பான். எனக்கா தெரியாது? மாட்டேன் என்றுவிடுவேன்.

ஒருநாள் அவனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், மாட்டுக் கொட்டகையில் கழுநீர்த் தொட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான். மாடு குடிக்கிற தண்ணீரை மாடு மாதிரியே வாய்வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகமெல்லாம் தவிடு ஒட்ட எழுந்தான்.

“சொல்லிடாத அக்கா. நாக்கு ஒட்டிக்கிதுக்கா.”

நான் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. சுமந்து வந்த தண்ணீரைப் பானையில் ஊற்றினாள். மறுநாளிலிருந்து கொட்டகைப் படலையும் சாத்திக் கட்டச் சொன்னாள். கட்டியது நான்தான்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் சாமியார் பாடுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். சிலுவையில் தொங்கித் தாகம் என்றவருக்குக் காடியில் பஞ்சைத் தோய்த்துக் கொடுத்த இடம் வந்ததும், தம்பி என் காதருகே வந்தான்.

“அவருக்கு அதாச்சும் குடுத்தாங்கல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் சிரித்ததற்காக அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள் வாந்தி எடுத்தான். ஓடி வந்தவனைப்போல மூச்சு வாங்கியது. வாயில் பழம் கனிந்த மாதிரி ஒரு வாசனை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யாரோ எவரோ என்று பார்த்தான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தார். அம்மா வாரிச் சுருட்டிய தலையோடு பின்னால் ஓடினாள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள்.

தருமபுரியில் டாக்டர் கேட்டதையெல்லாம் அப்பா பல வருடங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். நிறையத் தண்ணீர் கேட்டானா? சாப்பிட்டும் இளைத்தானா? மூத்திரத்தில் எறும்பு மொய்த்ததா? ஒவ்வொன்றுக்கும் அம்மா தலையை ஆட்டினாளாம். சர்க்கரை நோய் என்றாராம் டாக்டர்.

“அது வயசானவங்களுக்கு வர்றது இல்லீங்களா?” என்று கேட்டிருக்கிறார் அப்பா.

குழந்தைகளுக்கும் வரும், ஊசி போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் முற்றிய பிறகு கொண்டுவந்திருக்கிறீர்கள், எங்களால் ஆனதைப் பார்க்கிறோம் என்றிருக்கிறார் டாக்டர். இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வாடகைக் காரில் தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் அம்மா சோறு வைத்தால் சாப்பிட்டாள், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் தண்ணீர் கொண்டுவந்து பானையில் ஊற்றியவள், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. தம்பியை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்து வருந்துகிறாள்போலிருக்கிறது, ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் மடியில் கைவைத்துச் சொன்னேன்.

“நீ சொன்ன மாதிரியேதாம்மா பாத்துக்கிட்டேன். எவ்ளோ அழுதாலும் ஒரு சொட்டு குடுக்கல.”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். ஈரக்கை. பொத்திய கையை எடுக்காமலே என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. அப்பா காதில் விழாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவளை ஒரு வார்த்தை மெச்சாமல், இப்படி வாயைப் பொத்துகிறாளே என்று அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.