பேணியில் கிடந்த தேர்மோஸ்டாற்

மீராசா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாகனம் திருத்தப் பழகியவன். ஆனாலும் கழற்றிய ஆணியைத் தொலைத்தான் என்று கல்முனையில் எவரும் அவனைச் சொன்னதில்லை. எந்த வாகனத்திலிருந்து எதைக் கழற்றினாலும் பால்மாத் தகரப் பேணியில் போட்டு, வாகன இலக்கத்தை எழுதி ஒட்டிவிடுவான். அந்தப் பேணிகளுக்காகச் சமையல் குசினியில் ஒரு அலுமாரித் தட்டையே விட்டுக்கொடுத்திருந்தாள் அவனுடைய அக்கா, சரீபா ராத்தா.

லொறியும் உழவு மெசினும் பழகிய அவன் கைக்கு ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான் வந்தது. அது ரைஸ்மில் முதலாளி ஷரிபுதீன் ஹாஜியாருடையது. இருபது வருடப் பழசு, சிவப்பு நிறம், மடக்குக் கூரை, இரண்டே இருக்கை. ஹாஜியாருக்கு ஓட்டத் தெரியாது. ஆகவே ஒன்றில் றைவர் இராசதுரை, மற்றதில் அவர்.

1981ஆம் ஆண்டு, எட்டு மாதமாக அந்தக் கார் பொத்துவில் பயணத்தில் ஒருநாளும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அக்கரைப்பற்று தாண்டி ஆலையடிவேம்பை நெருங்கும்போது தண்ணீர் கொதிக்கும், எஞ்சின் இருமும், பிறகு நிற்கும். றைவர் முறுக்கி ஓட்டுவதால்தான் என்று ஹாஜியார் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு குற்றம் தெரியாவிட்டால் சாவியைத் தந்துவிட்டுப் போகும்படி, மில்லில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியும்விட்டார். இராசதுரை பதினொரு வருடம் அவருக்கு ஓட்டியவர்.

“கோவிக்காதீங்க பாஸ்,” என்றார் இராசதுரை, காரை மீராசாவின் கறாஜில் விட்டுவிட்டு; மெக்கானிக்கை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “நீங்க சேர்விஸ் செஞ்ச பிறகுதான் இந்த வருத்தம்.”

“என்ட கையால போன வாகனம் ஒண்டும் திரும்பி வந்ததில்ல அண்ணன்.”

“இதுவும் திரும்பி வரல்லதானே. றோட்டுல நிக்கிது.”

மீராசாவுக்குச் சுருக்கென்றது. உடனே பிளக்குகளைக் கழற்றினான். நான்கும் ஒரேமாதிரி வெளுத்திருந்தன. ஒன்று மட்டும் கழுவிவிட்டாற்போல இருந்தால் எஞ்சினின் அந்த அறைக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம், அப்படி இல்லை. றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டான். குமிழி வரவில்லை; உள்ளே கசிவு இல்லை. காற்றாடிப் பட்டி இறுக்கமாக இருந்தது. றேடியேற்றரைக் கீழிருந்து மேலாகக் கழுவினான்; தண்ணீர் தடையில்லாமல் வந்தது. பிளக்குகள் பொறி விடும் நேரமும் பிசகவில்லை. இரண்டு நாள் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் ஹாஜியாரின் இருக்கையில் மீராசா ஏறினான். இராசதுரை நிதானமாகத்தான் ஓட்டினார். ஆனாலும் ஆலையடிவேம்பில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, எஞ்சின் விட்டுவிட்டு அடித்தது. இறங்கியதும் இராசதுரை தோளில் கிடந்த சால்வையை வாய்க்காலில் நனைத்து, பெற்றோல் போகும் காபரேற்றரின் மேல் போட்டார். சற்று நேரத்தில் எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

“இத ஆரு காட்டித் தந்த?”

“ஆரும் இல்ல. எட்டு மாசமா இதுதான் என்ட வேல. முதலாளி நினைக்கிற, நான் குளிக்கப் போறனெண்டு.”

அப்படியென்றால் இருமலுக்குக் காரணம் சூட்டில் பெற்றோல் கொதிப்பது. சூடு எங்கிருந்து? மீராசா றேடியேற்றரின் அடியைத் தொட்டான். வெதுவெதுப்புத்தான். தண்ணீர்ப் பம்பியின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஹோஸ் இருந்தது. அதைத் தொட்ட கையை உதறினான். கொதிநீர் றேடியேற்றருக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியால் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடானதும் திறந்து, குறுக்கு வழியை அடைக்க வேண்டியது தேர்மோஸ்டாற். அதை எட்டு மாதத்துக்கு முன் கழற்றியவன் அவன்தான். இந்த ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று எல்லா மெக்கானிக் பாஸ்மாரும் கழற்றுவார்கள். அவன் கண்ட லொறிகளில் அந்தக் குறுக்கு வழி இருந்ததில்லை.

வீட்டுக்குப் போய்ப் பேணியை எடுத்தான். அடுப்பில் தண்ணீர்ச் சட்டியை வைத்து, பேணிக்குள் கிடந்த தேர்மோஸ்டாற்றைப் போட்டான்.

“இரும்புல ஆணம் காச்சிற வீடு இது ஒண்டுதான்,” என்றாள் சரீபா, தன் குழம்புச் சட்டியைப் பார்த்து.

தண்ணீர் சூடேற அது மெல்லத் திறந்து, குறுக்கு வழியை அடைக்கும் அதன் வளையம் மேலெழுந்தது. பழுதில்லை.

“ராத்தா, குத்தம் என்னிலதான்.”

“அப்ப அந்த றைவர் மனிசன்?”

“அவரில ஒண்டுமில்ல.”

“மறுகா ஏன் என்னட்டச் சொல்லிக்கிட்டு நிக்கிற? மில்லுக்குப் போ.”

பின்னேரமே அதைக் காரில் மாட்டிக்கொண்டு இராசதுரையோடு மில்லுக்குப் போனான். மூட்டை தூக்குகிறவர்கள் நின்ற இடத்திலேயே சொன்னான்.

“ஹாஜியார், நான் தேவையில்லாம ஒரு சாமானக் கழட்டின. அதாலதான் கார் நிண்ட. அண்ணன்ட ஓட்டத்தில குறையில்ல.”

ஹாஜியார் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு இராசதுரையைப் பார்த்தார். “நாளைக்குப் பொத்துவிலுக்குப் போய்ப் பாப்பம். சாவி ஒங்கிட்டேயே இரிக்கட்டும்.”

“நாளைக்கு நீங்க ஏற வேணாம் முதலாளி,” என்றார் இராசதுரை. “பாஸ் ஏறட்டும். நிண்டா அவர்தான் தள்ளணும்.”

மூட்டைக்காரர் சிரித்தார்கள். ஹாஜியாரும் கடைசியில் சிரித்தார். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் பொத்துவிலுக்குப் பஸ்ஸில் போனார்.

கார் ஆலையடிவேம்பைத் தாண்டியபோது இருவரும் முள்ளையே பார்த்தார்கள். அது நடுவிலேயே நின்றது. கோமாரிக்குப் பிறகு மீராசா பார்ப்பதை விட்டுவிட்டான். பொத்துவிலில் ஹாஜியாருக்காக அரை மணி நேரம் காத்திருந்தார்கள். இராசதுரையின் சால்வை தோளில் காய்ந்தபடியே கிடந்தது.