கன்னி மூலைப் பள்ளம்

மாலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது தரை உள்ளே போனது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். ஐந்து அடித்ததும் மகளை விளையாட்டிலிருந்து கூப்பிட வேண்டும் என்று, பால் பாத்திரத்தில் ஒரு கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாக நின்றிருந்தேன். அன்றிலிருந்து பால் காய்ச்சும்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது இது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு வாசனை. நாங்கள் இருக்கும் குரோம்பேட்டை ஃபிளாட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டியிருக்கிறார்கள். மழையில் நனைந்த சவுக்குக் கட்டைகளின் வாசனை காலையில் சன்னல் வழியே வந்தது. உடனே பெங்களூரில் வேலை பார்க்கும் நித்யாவுக்கு போன் போட்டு, "உன் ரூம்ல தரையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"அம்மா, நான் ஆறாவது மாடில இருக்கேன்."

ஆறாவது மாடிக்குக் கீழே ஐந்து மாடிகளும், அவற்றுக்கும் கீழே ஒரு தரையும் இருப்பதை நான் சொல்லவில்லை. ஏற்கெனவே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சும்மா நின்றாலே போதும், யாராவது மனை காட்ட வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வேன் இலவசம், மதியம் எலுமிச்சை சாதப் பொட்டலமும் இலவசம். எனக்கு இலவசம் என்றாலே ஆகாது. "டீச்சரம்மாவுக்கு எலுமிச்சை சாதத்து மேலயும் சந்தேகம்" என்பார் என் கணவர். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விடையைப் பார்த்ததும் வழியைக் கேட்பது என் தொழில்.

அந்த வேன் மாடம்பாக்கம் தாண்டிப் போய் ஒரு சவுக்குத் தோப்பில் நின்றது. பாதித் தோப்பை வெட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் காற்று நுழைந்து, பக்கத்தில் கடல் இருப்பதுபோல ஓர் இரைச்சல். ஓலைப் பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வரப்போகும் ஊர் இருந்தது. ஊர் என்றால் முழு ஊர்: பள்ளிக்கூடம், கடைத்தெரு, பூங்கா, கிளப், பல்குத்தும் குச்சியில் பச்சைப் பஞ்சு சுற்றிய மரங்கள். தெருக்களுக்குத் தேக்கு, சந்தனம், மகாகனி என்று பெயர். வெட்டிப்போட்ட சவுக்கின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. கம்பெனி முதலாளி, வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாதவர், ஒரு மூங்கில் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எந்தக் கேள்விக்கும் அவர் தயங்கவே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

என் கணவர் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். சிரிக்காதீர்கள், அந்த வேனில் வந்தவர்களில் பாதிப் பேரிடம் அது இருந்தது. பொறியியல் படித்தவர்கள், வங்கியில் இருப்பவர்கள், எல்லோருக்கும் வாஸ்து. மனைக்குத் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை, மேடாக இருக்க வேண்டும். அங்கே பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது. தோப்பிலோ, எங்கு பார்த்தாலும் பள்ளம். அகலமாக, ஆள் முங்கும் ஆழத்தில், அடியில் கலங்கல் தண்ணீருடன்.

"இது இன்னாண்ணா, இவ்ளோ குழி?" என்று யாரோ வேன் டிரைவரைக் கிண்டலாக அவர் பாணியிலேயே கேட்டார்கள்.

"தொரவு சார். சவுக்குக் கன்னு வெச்ச புதுசுல கொடத்துல தண்ணி மொண்டு ஊத்த வெட்னது. தோப்பு பூரா கீது."

"கன்னி மூலையில பள்ளம் இருக்கே, எப்படிங்க வாங்குறது?" என்றார் என் கணவர். இன்னும் நாலைந்து பேர் அதையே சொன்னார்கள். முதலாளி சிரித்தார். "அடுத்த ஞாயிறு வாங்க சார். ஒரு பள்ளம்கூட இருக்காது."

இல்லைதான். மறு ஞாயிறு தோப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. கேரம் பலகைபோல ஒரே மட்டம்.

"அத்தனை பள்ளத்தையும் எதை வெச்சு நிரப்புனாங்க?" என்றேன்.

"மண்ணு வெச்சுத்தாம்மா நிரப்புவாங்க. பஞ்சு மிட்டாய் வெச்சா நிரப்புவாங்க?" என்றார் முதலாளி.

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன். மகாகனி மூன்றாம் தெருவில் மனை வாங்கி வீடும் கட்டினோம்.

முதல் வருடம் ஏழெட்டு வீடுகள், தண்ணீர் லாரி, கொசு. பிறகு பிள்ளையார் கோயில் வந்தது, சுற்றுச்சுவர் வந்தது, செல்போன் கோபுரம் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த பள்ளிக்கூடம் மட்டும் வரவில்லை, அந்த இடத்தில் இரண்டாம் கட்ட மனைகள் வந்தன. பூங்கா நிஜமாகவே வந்தது. ஊஞ்சல், சறுக்கு மரம், சீசா. என்னைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

நித்யாவுக்கு எட்டு வயதான அந்த மழைக்காலத்தில் வானம் நாள்கணக்கில் கொட்டியது. செம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று பால்காரர் சொன்னார். மழை விட்ட முதல் மாலை பிள்ளைகளை யாராலும் வீட்டுக்குள் பிடித்துவைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் குரல் கேட்டபோது பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஓடியாங்க. பார்க்குல தரை போயிடுச்சு."

சறுக்கு மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் ஏணியின் கடைசிப் படியைப் பிடித்தபடி, மார்பு வரை சேற்றில் இருந்தாள் என் மகள். அழவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்: "அம்மா, காலுக்குக் கீழ ஒண்ணும் இல்லம்மா."

நான் பாய்ந்தேன். எதிர்மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் என் புடவையைப் பிடித்து இழுத்துவிட்டார். "யக்கா, நில்லு. ஓரம் ஒட்ஞ்சிகினே கீது. நீ போனா மொத்தமும் உள்ள பூடும்." அவரும் பின்னாலேயே ஓடிவந்த என் கணவரும் தெருக்காரர்களும் சாரக் கட்டைகளை அவிழ்த்துவந்து குறுக்கே போட்டார்கள். என் கணவர் அவற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்துபோனார். ஏணி இன்னும் ஒரு சாண் இறங்கியது. அவள் மணிக்கட்டு அவர் கைக்குள் வந்ததும் அவருடைய கால்களைப் பிடித்து இருவரையும் இழுத்தார்கள். சறுக்கு மரம் முனகிக்கொண்டே உள்ளே போனது.

நீர் வடிந்தபின் எட்டிப் பார்த்தோம். மண் மேலே ஒரு முழம்தான். அதன் கீழே சிமென்ட் சாக்கு, உடைசல் ஓடு, தென்னை மட்டை, வெட்டிய தோப்பின் வேர்க்கட்டைகள். மட்டையும் வேரும் உளுத்துப்போய், மழைநீரில் கரைந்து வழிவிட்டிருந்தன. அன்று இரவு என் கணவர் வீட்டின் ஒவ்வொரு அறையிலும் குதிகாலால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

அந்தப் பொங்கலுக்குமுன் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வந்துவிட்டோம். இப்போது அங்கே மாடிமேல் மாடி. காற்று இரைந்த தோப்பு இருந்ததற்கு அடையாளமே இல்லை. தொரவு என்ற சொல்லைக்கூட யாரும் சொல்லிக் கேட்கவில்லை. "ஒரு குழிக்குப் பயந்து வீட்டையே வித்தீங்களா?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். குழிக்குப் பயந்து அல்ல.

நித்யாவை மீட்டு நான்கு நாள் கழித்து முதலாளி காரில் வந்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்தின் ஓரம் வரை வந்து பார்த்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை சார் இருக்கு?" என்று என் கணவர் கேட்டார். முதலாளி வழக்கம்போலத் தயங்கவே இல்லை. என் கணவரின் தோளில் கைபோட்டு, ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். வெளிய இருந்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வீட்டுங்களுக்கு அடியில போயிடுச்சு."