எங்கள் வீட்டுப் போலி ஆயா

பெண்கள் படித்தால் நாடு உயரும் என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசு வாங்கியவள் நான். அதைச் செயலில் காட்ட வாய்ப்பு வந்தபோது எனக்குத் தோன்றியது ஒரு பொய்தான்.

மலேசியாவில், பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி இருந்தாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கியிருந்தது. அவள் புத்தகத்தைத் திறந்தால் போதும், துவைக்கத் துணியோ தூக்கத் தம்பியோ வந்துவிடும். தேர்வில் கோட்டை விட்டால் மறுநாளே தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். என் வீட்டில் வந்து படிக்கட்டும் என்று கேட்டால் அனுப்ப மாட்டார். அதனால், என் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சம்பளம் உண்டு என்றேன். அன்றே அனுப்பிவிட்டார்.

மாலைதோறும் ஆயா வந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரசாயனம் படித்தாள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூனைபோல் நடந்து, ஆயாவுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தேன். நான் செய்வது சரிதானா? மாட்டிக்கொண்டால் திட்டு அவளுக்கல்லவா விழும்? இந்தக் கவலையில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிடுவேன்.

ஒருநாள் கதவு தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தவள், "அக்கா, எங்கம்மா!" என்றாள். குழந்தையை அவள் மடியில் திணித்தேன். புத்தகத்தை அணையாடைகளுக்கு அடியில் செருகினேன். அதுவரை அந்த மடியைக் கண்டிராத குழந்தை வீறிட்டது. அவளோ விசில் வரப்போகும் குக்கரைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்திருந்தாள்.

உள்ளே வந்த அம்மா உற்றுப் பார்த்தார். "இத்தனை நாளா பாத்துக்கிறா, பிள்ளைக்கு இவ மூஞ்சியே தெரியலையே லா?"

"பல்லு முளைக்குது, அக்கா."

"பல்லு முளைச்சா ஆளு மறந்து போவுமா?"

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். அழுகை நின்றது. மறு கையால் அணையாடைகளைத் தூக்கினார். இரசாயனம் எட்டிப் பார்த்தது. மகள் தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தபோது அவருடைய கைப்பேசி ஒலித்தது. பெண்ணின் அப்பா.

"பிள்ளை ஒரே அழுகைங்க," என்றார் அம்மா, குரலில் துளி நடுக்கம் இல்லாமல். "இவ இல்லாட்டி தூங்காது போல. லேட்டாவும் லா."

குழந்தை அவர் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

கைப்பேசியை வைத்துவிட்டு மகளிடம், "என்னா பார்க்குறே? படி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுக்குது, தங்கச்சி. இனிமே அவரு கேட்டா என்கிட்ட விட்டுடு."