துருக்கி மொழியில் ‘போய் வருகிறேன்’

எனக்குத் துருக்கி மொழி தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "நான் பார்த்துக்கறேன் சார்" என்றுதான் சொன்னேன். பினாங்கில் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் தன் கழுத்தைத் தானே சுருக்கில் நுழைத்துக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் போதும்.

சரக்குக் கப்பலில் ரொட்டி சுட வந்த ஒரு துருக்கி இளைஞன் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். கப்பல் அவனை இங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைச் சூலியா தெருவில் ஒரு விடுதியில் தங்கவைத்தோம். அவனிடம் யார் பேசுவது என்று துரை கேட்டபோது, 'முஸ்லிம்தானே, மலாய் பேசாமலா இருப்பான்' என்ற என் பேரறிவு முந்திக்கொண்டது. போய், "அப்பா கபார்?" என்று நலம் விசாரித்தேன். செம்புக் குடத்தில் கூழாங்கல்லை உருட்டியது மாதிரி ஒரு பதில் வந்தது. 

நல்லவேளையாக ஆஸ்பத்திரி ஆயாக்களிடம் கொஞ்சம் மலாய் பொறுக்கி வந்திருந்தான். மிச்சத்துக்கு நான் துருக்கி கற்கத் தொடங்கினேன். வாத்தியாருக்கு என் வயதில் பாதிகூட இராது. என்னை 'ஆபி' என்பான். அண்ணே என்று அர்த்தம். ஊரில் அவன் கப்பலேறிய பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னும் முகம் பார்க்கவில்லை. கைகளைத் தொட்டில் போல் வைத்து ஆட்டிக் காட்டுவான். ஊர் போய்ச் சேருவதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கப்பலும் கிடைத்தது. துரை என்னைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு டிக்கெட்டுதான். தவறவிட்டால் கம்பெனி இன்னொன்று தராது. சாயங்காலம் நாலு மணிக்கு நங்கூரம் எடுப்பார்கள். அவன் கப்பல் ஏறவில்லையென்றால், நீ நாளைக்கு ஆபீஸ் படி ஏறாதே" என்று அழகான இங்கிலீஷில் சொன்னார்.

அன்று காலை டிக்கெட்டைக் கொடுக்கப் போனேன். "ரெண்டு மணி, ஜெட்டி, ரிக்‌ஷா பிடிச்சு வந்துடு" என்று படகுத்துறைப் பக்கம் கைகாட்டி மலாயில் சொன்னேன். தலையாட்டினான். வேலை முடிந்தது. நான் அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். கடைசிப் பாடம் ஒன்று பாக்கி இருந்ததே! எதிர்காலம்.

அடடா, என்ன சுலபமான எதிர்காலம் அது! 'கெல்' என்றால் வா. அதோடு 'எஜெக்' சேர்த்தால் 'கெலெஜெக்', வருவான். வினை முதலில், காலம் நடுவில், ஆள் கடைசியில். 'வரு', 'வ்', 'ஆன்' என்று நம் தமிழ் உட்கார்ந்திருக்கும் அதே வரிசை. நீ வருவாய் என்றால் 'கெலெஜெக்சின்'. நான் வருவேன் என்னும்போது மட்டும் அந்தக் கடைசி 'க்' இளகி, 'கெலெஜெயிம்' என்று வழுக்கிக்கொண்டு போகும். செய்வதற்கு 'யாப்'. அதில் அகர ஓசை இருப்பதால் 'எஜெக்' தன் சட்டையை மாற்றிக்கொண்டு 'அஜாக்' ஆகிவிடும்: 'யாபஜாக்', செய்வான். எல்லாவற்றுக்கும் மேலே நம் 'போய்' அங்கேயும் இருந்தது: 'கிதிப்'! போய், வந்து, செய்து என்று நாம் அடுக்குவதை அவர்களும் அடுக்குகிறார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்தேன், தொப்பியைப் போட்டேன், வாசலில் திரும்பி நின்று முழங்கினேன்: "கிதிப் கெலெஜெயிம்!" போய் வருகிறேன்.

பையன் முகம் விளக்கேற்றியது போலாயிற்று. "கெலெஜெக் மிசின், ஆபி?" வருவாயா அண்ணே?

வாத்தியார் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். "கெலெஜெயிம்!" என்றேன். போதாதென்று வருவாய், வருவான், வருவோம், வருவீர்கள், வருவார்கள் என்று முழு வாய்பாட்டையும் ஒப்பித்தேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். முதல் மார்க்கு வாங்கிய மிதப்பில் ஆபீஸ் போனேன்.

இரண்டு மணிக்கு ஜெட்டியில் நின்றேன். இரண்டரை. மூன்றும் ஆயிற்று. தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பல் ஒரு சங்கு ஊதியது. எங்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகக் காத்திருந்த சம்பான் படகுக்காரர் துடுப்பால் படியைத் தட்டினார்.

"அண்ணே, எங்க உங்க துருக்கிக்காரரு? அது கப்பல்லா, மாட்டு வண்டியா, உங்களுக்காக நிக்க?"

"வருவான்யா."

"வந்துருவேன்னு சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான்? நான்தான் வந்துருவேன்னு சொன்…"

வாய் அப்படியே நின்றுவிட்டது.   போகும்போது 'போறேன்' என்று சொன்னால் என் வீட்டுக்காரி வாயிலேயே போடுவாள். போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னவன் அன்றைக்கே திரும்பி வருவான் என்று எந்தத் தமிழனாவது இலை போட்டுக் காத்திருப்பானா? அவன் தமிழனா? ரொட்டிக்காரன்! வருகிறேன் என்றால் வருவான் என்று நம்புகிறவன்!

ரிக்‌ஷாவில் தாவினேன். "லெக்காஸ் லா! லெக்காஸ்!" என்று நான் போட்ட கூச்சலில் இழுப்பவர் பயந்து திரும்பிப் பார்த்தாரே தவிர வேகம் கூடவில்லை. மாதா கோயிலுக்கு ஒரு சாண் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். முதல் திருப்பத்தில் எருமை வண்டி மறித்தது. மெழுகுவத்தி ஒரு முழமாயிற்று. அடுத்த திருப்பத்தில் ஒரு சீன ஊர்வலம், மெழுகுவத்தி ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. என் குடையை எங்கேயோ விட்டிருந்தேன். தொப்பியைப் பையில் திணித்துக்கொண்டு, டிபன் டப்பாவைத் தலையில் கவிழ்த்துப் பிடித்திருந்ததை விடுதிக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

பையன் வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கலங்காமல். "கெல்தின், ஆபி" என்றான். வந்துட்டே அண்ணே.

"ஜெட்டின்னு சொன்னேனேடா பாவி!" எனக்கு வாயில் தமிழ்தான் வந்தது. பிறகு மலாயில் கத்தினேன்.

அவன் பொறுமையாக மலாயில் சொன்னான்: "முதல்ல ஜெட்டின்னே. அப்புறம் நீயே வருவேன்னே. நான் திருப்பிக் கேட்டேன். நீ வருவே, நான் வருவேன், எல்லாரும் வருவோம்னு சொன்னியே அண்ணே!"

ரிக்‌ஷாவில் அவனை அணைத்துப் பிடித்தபடி எங்கள் வழக்கத்தை விளக்கினேன். எங்களில் திரும்பி வராமல் போவது பிணம் ஒன்றுதான். அதனால் உயிரோடிருப்பவன் வருகிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும். அவன் முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் சங்கு ஊதிவிட்டது.

சம்பான்காரர் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே துடுப்பு வலித்தார். கப்பல் ஏணியைத் தூக்கக் கயிற்றில் கை வைத்திருந்தார்கள். நான் போட்ட கூச்சலில் கப்பல் முழுக்க எட்டிப் பார்த்தது. ஊன்றுகோல் முதலில் ஏறியது, மூட்டை அடுத்து, கடைசியில் அவன்.

வழியனுப்புகிறவன் துருக்கியில் 'க்யுலே க்யுலே' சொல்வானாம். சிரித்துச் சிரித்துப் போ என்று பொருள். அந்தப் 'போ'வை என் தமிழ் வாய் சொல்லுமா? "கிதிப் கெல்!" என்றே கத்தினேன். போயிட்டு வாடா.

அவன் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தான். "கிதிப் கெலெஜெயிம், ஆபி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் சொன்னால் சொன்னதைச் செய்கிற ஆளாயிற்றே!

நனைந்த கால்சட்டையோடு ஆபீஸ் படி ஏறினேன். துரை நிமிர்ந்து, "போய்விட்டானா?" என்றார்.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் சார்" என்று அதை அப்படியே இங்கிலீஷாக்கிச் சொன்னேன்.

துரையின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "மறுபடியுமா?"