முழங்கை வரை வெல்லம்

மூட்டையின் வாயைப் பிரித்ததும் கௌஸ் மொய்தீன் பாய் மேலே இருப்பதைப் பார்க்கமாட்டார். சட்டைக் கையைச் சுருட்டி, வெல்ல உருண்டைகளை விலக்கிக்கொண்டு முழங்கை மறையும்வரை கையை உள்ளே விடுவார். அடியிலிருந்து ஓர் உருண்டையைப் பிடுங்கி, விளிம்பை நகத்தால் கிள்ளி நாக்கில் வைப்பார். உடனே துப்பிவிடுவார். கிருஷ்ணகிரி வெல்ல மண்டியில் நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது இதைத்தான் செய்துகொண்டிருந்தார். வாராவாரம் வெல்ல விலையைச் சென்னைக்கு எழுதி அனுப்புவது எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்த சர்க்கார் வேலை. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லியே அறிமுகம் செய்துகொண்டேன்.

"அப்படியா? சரி, ஓரமா நில்லு தம்பி. மூட்ட மேல வுழுந்துடப் போவுது" என்றார்.

மண்டியில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எப்போதும் அவருடைய துண்டுதான் உட்கார்ந்திருக்கும். இட்லியை நடந்துகொண்டே தின்பார். பாதிப் பேச்சில் எழுந்து போனார் என்று மற்றவர்களைச் சொல்லலாம். இவர் எழுவதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டுமே. ஓசூர் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "உக்காந்தா தூக்கம் வருது. தூங்குனா வெல எறங்கிடுது" என்பார்.

ஜவளகிரி எல்லப்பன் வெல்லம் கொண்டுவரும் நாளில் மண்டியே வேடிக்கை பார்க்கும். எல்லப்பனுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றாகத்தான் வாயில் வரும். "மேலயே நோடு சாய்பே, அடியிலயும் அதேதான்" என்று மூட்டையை மறைத்துக்கொள்வார்.

"மேல வெக்கறது பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்டுற மூஞ்சி எல்லப்பா. நான் குடும்பம் பண்ற ஆளு. நவுரு" என்பார் பாய். கை அடிக்குப் போய்க் கறுத்துக் கசிந்த உருண்டையோடு திரும்பும். எல்லப்பன் கூசாமல், "அது எப்படி அங்க போச்சு?" என்று தாமே ஆச்சரியப்படுவார்.

இத்தனை வெல்லம் பார்த்த மனிதர் வீட்டில் வெல்லக் காப்பி குடிக்கமாட்டார். வெள்ளைச் சர்க்கரைதான். விருந்தாளிக்கும் அதுவேதான். அவர் மனைவி சுக்ரா அம்மாள், "வெல்லத்த வித்து சக்கர வாங்கற வூடு தம்பி இது" என்று என்னிடம் டம்ளரை நீட்டுவார்.

இந்த வருஷம் அந்தச் சர்க்கரைதான் கடைகளிலிருந்து காணாமல் போனது. கூட்டுறவுக் கடையில் கார்டுக்கு ஒரு கையளவு, அதற்கும் வரிசை. வெல்லமோ நாளுக்கு நாள் ஏறியது. மண்டிக்காரர்கள் வாயெல்லாம் பல். பாய் மட்டும் மண்டிக்கும் கடைத்தெருவுக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் அவர் மகள் ஃபரீதா. அத்திப்பள்ளி ஜமீர் அகமதுவின் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஜமீர் அகமது பஸ் கம்பெனியில் செக்கர். பையன் பெங்களூரில் தொழிற்சாலை மெக்கானிக். அவர்கள் வழக்கத்தில் பாத்திஹா ஓதி, வந்தவர் கையிலெல்லாம் சர்க்கரை வைத்தால்தான் பேச்சு முடிந்ததாகும். அதற்குப் பிறகுதான் 'சம்பந்தி' என்ற சொல்லே வாயில் வரலாம். முன்பு ஒரு இடம் இப்படி நாள் தள்ளித் தள்ளியே நழுவியிருந்தது. இந்தப் பையனையும் ஆனேக்கல்லில் ஒரு வீட்டார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துத் தெருச் சர்க்கரை வியாபாரி கையை விரித்துவிட்டார். "இப்ப உங்க வெல்லத்த நம்பித்தான் பாய் ஊரே காபி குடிக்குது. உங்களுக்கு என்னா கொறச்சல்?" என்றாராம்.

அன்று மாலை பாய் என்னிடம் வந்தார். "தம்பி, சர்க்கார்ல இருக்கற. ஒரு அர மூட்டைக்கு சீட்டு வாங்கிக் குடு."

"நான் விலை எழுதுகிறவன் பாய். மூட்டை கொடுக்கிறவர்கள் வேறே" என்றேன்.

"பி.ஏ. படிச்சதுக்கு அர மூட்ட சக்கர வராதா?"

ரோசத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தேசம் முழுவதும் இதே கதை. வெல்லத்துக்கு நல்ல விலை கிடைப்பதால் குடியானவர்கள் கரும்பைச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பாமல் வயலிலேயே காய்ச்சிவிடுகிறார்கள். ஆலை பாதி நாள் சும்மா நிற்கிறது. பாய் நடப்பதை நிறுத்தினார்.

"அப்ப என் வெல்லம்தான் என் பொண்ணு சக்கரயத் தின்னுடுச்சா?"



வெள்ளிக்கிழமை பாத்திஹா ஓதிப் பேச்சை முடிக்கும் விசேஷத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். வாசலிலேயே மடக்கிக் காதோரம் சொன்னார்: "தாம்பாளத்துல அடியில வெல்லத்தூளு. மேல கார்டு சக்கர. பெரியவங்க ரெண்டு பேரு மேலாக்க எடுத்துட்டா பேச்சு முடிஞ்சிடும். அப்பறம் யாரு என்னா பண்ண முடியும்?"

உள்ளேயிருந்து சுக்ரா அம்மாளின் குரல் வந்தது: "எனக்கு இது புடிக்கல. எல்லப்பன் வேல இது."

"சும்மா இரு" என்றார். ஆனால் முகம் சரியாக இல்லை.

ஜமீர் அகமது தம் தமையனோடும் உறவினர்களோடும் வந்து ஜமக்காளத்தில் அமர்ந்தார். பாத்திஹா முடிந்தது. பச்சைத் துணியை விலக்கினார்கள். தாம்பாளம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கூட்டத்தில் யாரோ, "இந்தக் காலத்துல இவ்வளவு சக்கரையா?" என்று முணுமுணுத்தார்கள். ஜமீர் அகமது கையை நீட்டினார். பாய் மேலாக அள்ளி அதில் வைக்க வேண்டியதுதான்.

பாயின் கை தாம்பாளத்துக்கு மேலே நின்றது. பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். விரல்கள் வெள்ளையைப் பிளந்துகொண்டு அடிக்குப் போயின. வந்த பிடியில் எல்லாம் பழுப்புத் தூள்.

"அடியில இதான் இருக்குது" என்றார். "கெடச்ச சக்கரய மேல தூவுனேன். மண்டியில ஒருத்தன் இப்படிப் பண்ணா மூட்டயத் திருப்பி அனுப்பிடுவன். நீங்களும் அனுப்பலாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

ஜமீர் அகமது பழுப்புத் தூளைக் கையில் வாங்கிக்கொண்டு தமையனைப் பார்த்தார். தமையன், "எங்க வூட்ல மட்டும் என்னாவாம்? ஒரு மாசமா இதேதான்" என்றார். ஜமீர் அகமது வாயில் போட்டுக்கொண்டார். சுவைத்து முடித்துவிட்டு, "நல்ல சரக்கா இருக்குது சம்பந்தி. எங்களுக்கும் ரெண்டு உருண்ட குடுத்து அனுப்புங்க" என்றார்.

பாய் கையில் ஒட்டியிருந்ததைத் தாமும் நாக்கில் வைத்தார். பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பினார். துப்பவில்லை. விழுங்கினார்.

ஃபரீதா இப்போது அத்திப்பள்ளியில் இருக்கிறாள். பாய் அதே மண்டியில்தான் இருக்கிறார், நின்றுகொண்டு, எல்லப்பன் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டபடி.